தூண்டில் மீனின் அளவு

ஐந்தாம் வகுப்பு டீச்சர் கடலை நேரில் பார்த்ததே இல்லை. அவர் ஊரிலிருந்து கடலுக்குப் போக ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். ஆனாலும் மூன்று வருடங்களாக ஆழ்கடல் பாடத்தை அவர்தான் நடத்துகிறார். ஸ்மார்ட் போர்டு இருக்கும்போது என்ன கவலை? தட்டினால் சுவர் முழுக்கக் கடல்.

அன்றும் தட்டினார். இருட்டுத் தண்ணீரிலிருந்து, தலையில் குட்டி விளக்குத் தொங்கும் தூண்டில் மீன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. "யானையளவு பெரிய இந்த மீன்…" என்று ஒரு கம்பீரக் குரல் முழங்கியது. முதல் பெஞ்சில் இரண்டு பேர் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. தையல்காரம்மாவின் மகள். அம்மாவின் பழைய டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பாள். அதனால் வகுப்பில் அவள் பெயரே 'இஞ்சு டேப்'.

"டீச்சர், லைப்ரரி புக்குல இது உள்ளங்கையளவுதான்னு போட்டிருக்கு."

"போர்டே சொல்லுது, உனக்கென்ன?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. போன வருடப் பரீட்சையில் 'யானையளவு' என்று எழுதாத பிள்ளைக்கு அரை மார்க் குறைத்தவர் அவர். 'உட்காரு' என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "தேடிப் பார்த்துடுவோம்."

மறுநாள் முப்பத்தொரு நோட்டுகள் மேசைக்கு வந்தன. முப்பத்தொன்றிலும் ஒரே பத்தி, ஒரே எழுத்துப் பிழை. இணையத்தில் முதலில் வந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். அத்தனையையும் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு இடத்துல பார்க்காம ஒரு வரி எழுதக் கூடாது. எங்க பார்த்தீங்கன்னும் எழுதணும். ஒரு வாரம் டைம்."

வகுப்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. தலைமை ஆசிரியருக்கும் பிடிக்கவில்லை.

"ஒரு மீனுக்கு ஒரு வாரமா டீச்சர்? பாடம் அப்படியே கிடக்கே!"

"பாட நேரத்தைத் தொட மாட்டேன் சார். சாப்பாட்டு நேரத்துல பண்ணிக்கிறோம்."

சாப்பாட்டு நேரத்துக்கு முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் உட்கார இடமில்லை. தூண்டில் மீனில் நிறைய வகை உண்டு, ஒரு மீட்டர் தாண்டுவது அபூர்வம், பெரும்பாலானவை சின்னவை என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். போர்டில் வந்த வகை எது என்பதில்தான் சண்டை. டீச்சர் ஒரு கடல் ஆய்வு நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்த பெண் ஆய்வாளர் ஒருவர் வீடியோவில் பேசக் கால் மணி நேரம் ஒதுக்கினார்.

போர்டில் ஆய்வாளரின் முகம் வந்தது. கையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் அதே மீன், அதே பல்.

"மேடம், பக்கத்துல ஸ்கேல் வைங்க!" என்று கத்தினாள் இஞ்சு டேப்.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே வைத்தார். "பதினோரு சென்டிமீட்டர். இது பொண்ணு. ஆம்பளை இதைவிடப் பொடிசு."

"இதுக்கா நான் காலைத் தூக்கினேன்!" என்றது முதல் பெஞ்சு.

அன்று மாலை டீச்சர், முந்தைய மூன்று வருடங்களில் தன்னிடம் இந்தப் பாடம் படித்த ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் போனார். "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்," என்று நின்றபடியே சொன்னார். எட்டாம் வகுப்பில் ஒருவன் கைதட்டினான். கிண்டலா பாராட்டா என்று தெரியவில்லை. அவர் நின்று விசாரிக்கவில்லை.

பாடத்தைத் தயாரித்த நிறுவனத்துக்குப் பிள்ளைகள் எழுதினார்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினார்கள். அதே நன்றி. மூன்றாவது கடிதத்தோடு ஜாடியின் படமும், பார்த்த புத்தகங்களின் பட்டியலும் போயின. நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் டீச்சரின் போன் அடித்தது. நிறுவனத்து அதிகாரி. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"குழந்தைங்க பாடம்தானே மேடம்? கொஞ்சம் சுவாரசியம் வேணும்ல?"

"குழந்தைங்க பாடம்ங்கிறதாலதான் சார் சரியா இருக்கணும். அவங்க இங்கதான் இருக்காங்க, நீங்களே கேளுங்க."

இஞ்சு டேப் போனுக்கு அருகே குனிந்தாள். "சார், நீங்க அளந்து பார்த்தீங்களா?"



"இல்லம்மா," என்றது குரல், இறங்கிப்போய். "அளக்கல. மாத்திடறோம்."

இரண்டு மாதம் ஆனது. ஒரு காலையில் போர்டிலிருந்த பாடம் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. கம்பீரக் குரல் இப்போது, "உள்ளங்கையளவே உள்ள இந்த மீன்…" என்றது. வகுப்பு போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியரே ஓடி வந்துவிட்டார். வந்தவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தார்.

ஆனால் படம் மாறவில்லை. சுவர் முழுக்க அதே பெரிய வாய்.

"பார்க்கிறவங்க இன்னும் பெருசுன்னுதான் நினைப்பாங்க டீச்சர்," என்றாள் இஞ்சு டேப். "பக்கத்துல ஒரு கையாவது வரையச் சொல்லணும்."

"யாரு கை? பெரியவங்க கையா, நம்ம கையா?" என்று அடுத்த பெஞ்சிலிருந்து வம்பு கிளம்பியது.

"அதை முதல்ல முடிவு பண்ணுங்க," என்று டீச்சர் வெள்ளைத்தாளை நீட்டினார். "அப்புறம் எழுதலாம்."