விரல் படாத பக்கம்

சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த சுவிசேஷமுத்து, வேதப்புத்தகத்தைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கமாட்டார். கேட்கும் முறைதான் சற்று விசேஷம். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறப்பார், விரலை வைப்பார், விரல் பட்ட வசனம் கர்த்தரின் பதில். பதில் கட்டுப்படியாகவில்லை என்றால் மறுபடி திறப்பார். பேரம் பேசியே வளர்ந்த மனிதர். முதலில் சொன்ன விலைக்கு யாரிடமும் படிந்ததில்லை. கர்த்தருக்கு மட்டும் எப்படி விதிவிலக்குக் கொடுப்பார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, சபையில் பேர்பெற்ற ஞானப்பூ அம்மாள், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த மகன் தங்கராஜுவுடன் சுவிசேஷமுத்துவின் மகள் லீலாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. தாயில்லாத பெண். மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு டிபி வந்து, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குணமாகியிருந்தாள். ஊருக்குச் சொல்லி வைத்திருந்ததோ, ஈப்போவில் அத்தை வீட்டில் இருந்தாள் என்று. இப்போது உண்மையைச் சொல்வதா, மூடுவதா?

முதல் முறை விரல், நிலம் விற்றதில் ஒரு பங்கை ஒளித்த அனனியா செத்து விழுந்த இடத்தில் போய் நின்றது. "ஃபேன் காத்துல பக்கம் புரண்டுடுச்சு" என்று மூடிவிட்டார். இரண்டாம் முறை வெறும் வம்ச வரலாறு. மூன்றாம் முறை ராகாப். வேவுக்காரர்களை வீட்டு மேல்தளத்தில் சணல் தட்டைக்குள் ஒளித்துவைத்து, அதனாலேயே குடும்பத்தோடு பிழைத்தவள்.

"பாத்தியா லீலா! ஒளிச்சவதான் நல்லா இருந்தா. அதுவும் சணல், நம்ம துணி லைன்லா!"

சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த லீலா நிமிரவில்லை. "அவ ஒளிச்சது ரெண்டு பேர் உயிரைக் காப்பாத்த. நாம ஒளிச்சா யாரு பிழைக்கப் போறாப்பா?"

"நீதான். டிபின்னு காதுல விழுந்தா அந்தம்மா நம்ம வீட்டு டீயைக்கூடத் தொடாது."

"நீங்க சரக்கு எடுக்கிறப்போ என்ன செய்வீங்க?"

"கடை வாசல் நடைபாதை இருக்கே, அந்த அஞ்சடிக்கு வெளிய கொண்டுபோய் வெயில்ல பிரிச்சுப் பார்ப்பேன். மடிப்புக்குள்ள கறையை வச்சுத் தள்ளிவிடுறவன் எத்தனை பேரு!"

"மத்தவங்க நமக்கு என்ன செய்யணும்னு நினைக்கிறோமோ அதை நாமளும் அவங்களுக்குச் செய்யணும்னு இயேசு சொன்னாரே. அந்தப் பக்கத்துல உங்க விரல் ஒருநாளும் பட்டதில்லையா?"

சுவிசேஷமுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் சொல்லத்தான் போறேன்" என்றாள் லீலா. "வேணாம்னு போனா போகட்டும். எப்ப தெரியுமோ, யார் சொல்லுவாங்களோன்னு பயந்துகிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது."

மாலையில் வந்தார்கள். கேசரியைப் பாராட்டிவிட்டு ஞானப்பூ அம்மாள் டீக்கோப்பையை எடுத்தார். "பொண்ணு ஈப்போவுல இருந்துச்சாமே, அண்ணாச்சி?"

"ஆமா தங்கச்சி, நல்ல தண்ணி, நல்ல காத்து..."

"ஈப்போ இல்ல ஆன்ட்டி" என்றாள் லீலா. "இங்கேயே ஆஸ்பத்திரியில இருந்தேன். டிபி. இப்ப குணமாயிடுச்சு. டாக்டர் பேரைச் சொல்றேன், நீங்களே விசாரிச்சுக்கலாம்."

கோப்பை மேசைக்குத் திரும்பியது. தங்கராஜு மட்டும் தன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்தார் ஞானப்பூ அம்மாள். பக்கத்துக் கடைக்குப் போகிற வாடிக்கையாளர் சொல்லும் அதே வார்த்தை. சுவிசேஷமுத்துவுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போச்சு!" என்றார், அவர்கள் படியிறங்கியதும்.

"போகட்டும்பா" என்று லீலா கோப்பைகளை எடுத்தாள்.

அடுத்த வாரம், வெயில் ஏறும் நேரத்தில், ஞானப்பூ அம்மாள் கடைக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை. "தங்கராஜு டாக்டரைப் பார்த்துட்டு வந்துட்டான். பயமில்லைன்னாராம். ஆனா நான் என் கண்ணால பார்க்கணும். எக்ஸ்ரே படம் இருக்கா?"

"பொண்ணு என்ன சீட்டித் துணியா, பிரிச்சுக் காட்ட?" என்று சுவிசேஷமுத்து கொதித்தார்.

அதற்குள் லீலா மாடி வீட்டிலிருந்து படத்தைக் கொண்டுவந்துவிட்டாள். ஞானப்பூ அம்மாள் அதை அஞ்சடிக்கு வெளியே கொண்டுபோய், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். தெருவில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். லீலா தலை குனியவில்லை.

"எனக்கு இதுல ஒரு மண்ணும் புரியல" என்றார் கடைசியில். "ஆனா கேட்டதும் கொண்டாந்து குடுத்தே பாரு. வேற ஏதாச்சும் இருக்கா, இப்பவே சொல்லிடு."

"சமையல் சுமார்தான் ஆன்ட்டி. அன்னிக்குக் கேசரி பண்ணினது எதிர்வீட்டு சம்சுன்னிசா அக்கா."

சுவிசேஷமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். ஞானப்பூ அம்மாள் முதல் முறையாகச் சிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ போடத் தெரியுமில்ல? கொண்டா, குடிக்கிறேன். அண்ணாச்சி, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

சுவிசேஷமுத்துவின் கை, பழக்கதோஷத்தில், கல்லாவின் மேலிருந்த வேதப்புத்தகத்தின் பக்கம் நீண்டது. கண்ணும் பாதி மூடிவிட்டது.

லீலா புத்தகத்தை நகர்த்தினாள். "தேதிக்குக் காலண்டரைப் பாருங்கப்பா."