சுவரிலிருந்த மாமனார்

வக்கீல் ஆபீஸில் பெரிய வக்கீலின் நாற்காலிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் தளபதி தொங்கிக்கொண்டிருந்தார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படம். மார்பு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள், வரதட்சணையில் இன்னும் பாக்கி கேட்கும் மருமகனைப் பார்ப்பது போல ஒரு முறைப்பு. குமாஸ்தா மனசுக்குள் அவருக்கு வைத்த பெயர் மாமனார்.

பெரிய வக்கீல் அதை ஏலத்தில் எடுத்துவந்த அன்றே சொல்லிவிட்டார்: "தினமும் துடைக்கணும். கட்சிக்காரன் உள்ள வந்ததும் கண்ணு அங்கதான் போகும்." அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம், காலையில் முதல் வேலை ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பது. துணி வீட்டிலிருந்து வரும். மகளுக்குச் சின்னதாகிப்போன பாவாடைகளை மனைவி கிழித்துக் கொடுப்பாள்.

பெரியவர் போனார், மகன் வந்தார். ஓய்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது, குமாஸ்தா தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக ஒன்று கேட்டார்.

"என் பொண்ணு டைப்பிங் எல்லாம் பாஸ் பண்ணியிருக்கா சார். என் இடத்துக்கு அவள..."

"பார்க்கலாம்" என்றார் சின்ன வக்கீல்.

எத்தனையோ கட்சிக்காரர்களிடம் அதே 'பார்க்கலாம்' சொல்லி அனுப்பியவர்தான் குமாஸ்தா. இருந்தாலும் நம்பினார். மகளுக்குப் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டார்.

கடைசி நாள் மாலை போட்டார்கள். காகிதம் சுற்றிய பெரிய பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். "இத்தன வருஷம் நீங்க இதைத் தொடச்ச அழகப் பாத்திருக்கேன். இது உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம்" என்றார் சின்ன வக்கீல். கைதட்டினார்கள். மறுநாள் குமாஸ்தாவின் நாற்காலியில் சின்ன வக்கீலின் மச்சினன் உட்கார்ந்தான். மாமனாரைத் தள்ளிவிட்டுவிட்டு மச்சினனை வைத்துக்கொண்டார்கள்.

"இதையாவது வித்துடலாம்ப்பா. நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்துக்கறேன்" என்றாள் மகள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு பழம்பொருள் கடைக்கு நடந்தாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல சரக்கு சார். இப்பல்லாம் கிடைக்கறதே இல்ல." சட்டத்தைக் கவிழ்த்து, பின்பலகையைக் கழற்றி, தாளை மெல்ல இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். பாதித் தளபதி கையோடு வந்தார். வாளும் இடுப்பும் பூட்ஸும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. ஓரமெல்லாம் பழுப்பும் பூஞ்சையும்.

"அடப்பாவமே" என்றார் கடைக்காரர். "யாரோ தினமும் ஈரத்துணி போட்டுத் தொடச்சிருக்காங்க. தண்ணி கீழ எறங்கி, தாள் கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. காஞ்ச துணியால தொடச்சிருந்தாலே போதும், நல்ல விலைக்குப் போயிருக்கும். எந்த முட்டாள் பாத்த வேலை சார் இது?"

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "ஆபீஸ்ல... யாரோ வேலைக்காரன் போல."

மகள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி இடுக்கில் சிக்கியிருந்த ஒரு நூலை உருவி எடுத்தாள். நீல நூல். மூன்றாம் வகுப்பில் அவள் போட்டிருந்த பாவாடை.

"எங்க அப்பாதாங்க" என்றாள் கடைக்காரரிடம். "முப்பத்தொரு வருஷம். ஒரு நாள்கூட விட்டதில்ல."

அதைப் பெருமையாகச் சொன்னாளா, ஆத்திரத்தில் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வீடு வரும்வரை கேட்கவுமில்லை. ஆயுசுக்கு ஒரு தடவை கேட்டதே போதும் என்றிருந்தது.