தரை தொட்ட பந்து

மலரின் முழங்கால் இன்னொரு சீசன் தாங்காது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அசோக் நகர் ஸ்டேடியத்தில் இன்று நடப்பதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம். நகர மகளிர் கால்பந்து லீகில் அதிக கோல் அடித்தவள் என்ற பெயர் பல வருஷமாக ஸ்வர்ணாவிடம் இருக்கிறது. போன வாரம் மலர் அந்தக் கணக்கைத் தொட்டுவிட்டாள். தாண்ட ஒரே ஒரு கோல் போதும். இன்று அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எதிரணியின் கோச்சே அந்த ஸ்வர்ணாதான்! கோல்கீப்பர் அதிதி. மலரோடு ஒரே அணியில் ஆடி, ஹாஸ்டலில் ஒரே அறையில் தூங்கியவள். மலரின் ஆட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"என்னடி மலர், இன்னிக்கும் ஆகாசத்துலயே அடிப்பியா?" கையுறையைத் தட்டிக்கொண்டு கேட்டாள் அதிதி. "ஹோகலி பிடு! விட்டுத் தள்ளு. ரெக்கார்ட் எங்க மேடம்கிட்டயே இருக்கட்டும்."

"பேசு, பேசு. வலைக்குள்ள இருந்து பந்தைப் பொறுக்கறப்பவும் இதே வாய் இருக்கணும்!"

அதிதி சொன்னதில் விஷயம் இருந்தது. கோலார் தங்கவயலில், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிய மைதானத்தில் ஆடிப் பழகியவள் மலர். அங்கே தரையெல்லாம் கல். விழுந்த பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் பந்தைக் கீழே விழவே விடமாட்டார்கள். மலரின் அப்பா வின்சென்ட்டும் அப்படித்தான் ஆடினார். குடும்பம் இந்த நகரத்துப் பொம்மனஹள்ளிக்குக் குடிவந்தது, செயற்கைப் புல்லில் ஆட்டம் என்றானது, ஆனால் மலரின் பழக்கம் மட்டும் மாறவில்லை. அவள் கோல்களில் பாதிக்கு மேல் அந்தரத்தில் அடித்தவை.

அதிதிக்கு அது போதுமே! பந்து இறங்க ஆரம்பித்ததுமே பாய்ந்து வந்து மலரின் காலடியில் விழுந்தாள். முதல் பாதியில் ஒரு அடி அவள் மார்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் இன்னொன்று தொடையில் பட்டு வெளியே போனது.

"கீழ விடாதே மலரு! மேலயே வாங்கு!" கேலரி கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார் வின்சென்ட்.

"டைம் இல்லம்மா! கமான்!" கோட்டோரம் குதித்தார் மலரின் கோச் டிரேவர்.

இரண்டு அணியும் இன்னும் கோல் போடவில்லை. ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அப்போதுதான் வலது ஓரத்தில் தீபிகா இரண்டு பேரைத் தாண்டி ஓடினாள். பந்தைத் தூக்கிப் போட்டாள். அது மலரின் தலைக்கு மேலே வளைந்து அவள் முன்னால் இறங்கியது.

"விடாதே!" அப்பாவின் குரல்.

மலர் காலை ஓங்கினாள். அதிதி பாய்ந்தாள்.

ஓங்கிய கால் அப்படியே நின்றது. உடம்பு முழுக்க 'அடி, அடி' என்று துடித்தது. மலர் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைத் தரைக்கு விட்டாள். புல்லில் விழுந்த பந்து எந்தக் குறும்பும் செய்யாமல் நேராக எழும்பியது. அதிதி கீழே நீட்டிப் படுத்திருந்தாள். பந்து அவளுக்கு மேலே, மலரின் நெற்றி உயரத்தில் வந்தது. முட்டினாள். காலி கோலுக்குள் போய் வலையை உதறியது பந்து!

ஸ்டேடியம் வெடித்தது. தீபிகா ஓடிவந்து அவள் முதுகில் ஏறிக்கொண்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்வர்ணா தலையில் கை வைத்தாள். பிறகு அந்தக் கையையே இறக்கிப் பலமாகத் தட்டினாள்.

"மோசக்காரி! எப்ப இருந்துடி கீழ விட ஆரம்பிச்சே?" படுத்தபடியே கத்தினாள் அதிதி.

"இப்ப இருந்துதான். ஹோகலி பிடு, அதிதி!" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள் மலர்.

விசில் ஊதியதும் முழங்கால் வலியை மறந்து கேலரிப் பக்கம் ஓடினாள். கண்ணெல்லாம் தண்ணீரோடு நின்றிருந்தார் வின்சென்ட். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரிம்மா... ரெக்கார்ட் கோலைப் போய்க் கீழ விட்டு எடுத்தியே! நம்ம மேட்டுல அதை ஒருத்தன் ஒத்துப்பானா?"

"அங்க ஒத்துக்க மாட்டாங்கப்பா," கம்பிக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள் மலர். "இங்க போர்டுல ஏத்திட்டாங்க. திரும்பிப் பாருங்க!"