கம்பிச் சுருளுக்குள் வளர்ந்த எலிகள்

"அப்ப, அந்த எலிகளுக்குப் புத்துநோயே வரலையா டீச்சர்?"

"வந்துச்சுக்கா. கம்பிச் சுருளுக்குள்ள வளந்ததுல எம்புட்டோ, வெளிய வளந்ததுலயும் அம்புட்டுத்தான்."

"எம்புட்டு நாள் உள்ள வச்சிருந்தீக?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசம் பத்துமா? எம்புள்ள ஒம்பது வருசம்ல கம்பிக்குக் கீழ கெடந்தா!"

"எலிக்கு ரெண்டு வருசம்னா அதுவே ஒரு ஆயுசுக்கா."

செல்லக்கனியின் மகள் மாரிசெல்விக்கு ரத்தப் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி நாற்பது நாளாகிறது. அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே பெரிய மின்கம்பி போகிறது. அதனால்தான் வந்தது என்று மனு எழுதி வாங்கி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜெமிமா டீச்சரைத் தேடி வந்திருந்தாள். டீச்சர் இந்த வேலைக்கு வருமுன் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், மின்சாரம் ஓடும் கம்பிச் சுருளுக்குள் எலி வளர்த்தவர். வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு வந்து வாய் ஓயாமல் சொன்னவளே மாரிசெல்விதான்.

அத்தாட்சிக்குச் செல்லக்கனி ஒரு டியூப்லைட்டையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். "ஒனக்குத்தான் ஓசி, இதுக்கு டிக்கெட் எடு" என்று கண்டக்டர் கேலி பேச, பஸ்ஸே சிரித்தது. இப்போது அதை மேஜைமேல் பிரித்து வைத்தாள்.

"இதக் கம்பிக்குக் கீழ பிடிச்சா வயரே இல்லாம எரியுது டீச்சர். எங்க வீட்டுக்காரரு பிடிச்சுக் காட்டுனாரு, தெருவே பாத்துச்சு. கண்ணாடிய எரிய வைக்குறது எம்புள்ள ரத்தத்த விட்டுவைக்குமா?"

ஜெமிமா டியூப்லைட்டை உருண்டு விழாமல் பிடித்துக்கொண்டார்.

"இத எரிய வைக்குறது மின்புலம்க்கா. நாங்க எலிகள வச்சது காந்தப்புலத்துல. அது வேற. மனுசங்கள வச்சு எடுத்த கணக்குல ஒரு சின்னச் சந்தேகம் இன்னும் இருக்கு. எலிகள்ல அது தெரியல."

"சந்தேகம் இருக்குல்ல? அதப் பெருசா எழுதுங்க."

"கம்பிய மாத்தச் சொல்லி எழுதித் தாரேன். இதாலதான் வந்துச்சுன்னு எழுத மாட்டேன்க்கா."

"கம்பிய மாத்தவா நான் வந்தேன்?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டுவிட்டோம் என்பது செல்லக்கனிக்கே உறைத்தது. உதட்டைக் கடித்தாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை.

"நான் பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து செலுத்துறவ டீச்சர். வேல முடிஞ்சா மேலெல்லாம் அலுமினியப் பவுடரு, வெள்ளியாட்டம் மினுங்கும். குளிச்சிட்டுத்தான் போகணும்னு போர்மேன் கத்துவாரு. தொட்டியில வரிச நின்னா வேனு போயிரும். அப்படியே ஓடியாந்துருவேன். எம்புள்ள வாசல்லயே வந்து கட்டிக்கிருவா. எங்கன்னத்துல தடவி அவ நெத்தியில பொட்டு வச்சுக்கிருவா. எங்கம்மா சினிமாக்காரின்னு ஆடுவா. நானும் சிரிச்சேன், டீச்சர். ஒருநா கூடத் தள்ளி நில்லுடின்னு சொல்லல."

"அதாலதான்னு டாக்டரு சொன்னாரா?"

"சொல்லல. இல்லன்னும் சொல்லல. தெரியாதுன்னாரு."

ஜெமிமா எழுந்து வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று செல்லக்கனி பயந்தாள். ஆறுதல் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? விஷயம் தெரிந்தவர் ஒருவர் வாயிலிருந்து பதில் வர வேண்டும்.

"எனக்கு ஏம்மா வந்துச்சுன்னு தெனமும் கேக்கா. முடியெல்லாம் கொட்டி, ஊசி போட்ட கையத் தூக்க முடியாம கெடந்துக்கிட்டு கேக்கா. கம்பியாலன்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க டீச்சருக்குத் தெரியும், கேட்டுட்டு வான்னு அவதான் அனுப்புனா."

மனுவுக்கென்று வாங்கிய வெள்ளைத்தாளை டீச்சரின் மடிமேல் வைத்தாள்.

"கம்பியாலன்னு எழுத வேணாம். ஒங்கம்மாவால இல்லன்னு அவளுக்கு ஒத்த வரி எழுதித் தாங்க, டீச்சர்."