எழுத்தை மூடிவைத்த அணில் புத்தகம்

"பூனையும் எலியும் பேசிக்கிறதைப் படிக்கறதுக்கு ஒரு பட்டமா?"

முதுகலை வகுப்பில் சேர அவள் விண்ணப்பம் போட்ட அன்று அண்ணன் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்புகிற டீச்சர், கிடைக்கிற சனிக்கிழமையையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைக்கப் போகிறாள், அதுவும் சிறுவர் இலக்கியம் படிக்க என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிற. அப்புறம் குத்துது குடையுதுன்னு எங்ககிட்ட வந்து அழக்கூடாது, டீச்சரம்மா" என்றாள் அண்ணி.

அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "எலி என்ன பேசும் அத்தை?" என்று கேட்டாள். ஆறு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கியது.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். அண்ணிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சில நாள் விடியற்காலையில் போக வேண்டும், சில நாள் இருட்டிய பிறகுதான் வர முடியும். அதனால் கைக்குழந்தையாக இருந்தபோதே வாலுவின் படுக்கை அத்தையின் அறைக்கு வந்துவிட்டது. பல் துலக்கிவிடுவது, பேன் பார்ப்பது, சட்டைப் பித்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு நிற்பவளைக் கழற்றி மாட்டிவிடுவது எல்லாம் அத்தைதான். "பெத்தது நான், வளர்க்கிறது நீ. கல்யாணத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க" என்று அண்ணி கேலி செய்வாள்.

வகுப்பை நடத்திய பேராசிரியை குள்ளமாக, கட்டைக் குரலோடு இருந்தார். முதல் நாளே ஆளுக்கொரு படப் புத்தகத்தைக் கொடுத்தார். எல்லாவற்றிலும் எழுத்து இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"படிங்க" என்றார்.

"எழுத்தைக் காணோமே மேடம்" என்றார் ஒருவர். அவர் ஒரு நூலகர். புத்தகத்தை யாருக்கும் இரவல் கொடுக்க மனசு வராததால்தான் நூலகர் ஆனேன் என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார்.

"எழுத்துத் தெரியறதுக்கு முன்னாடியும் நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்க. எப்படிப் படிச்சோம்னு யோசிச்சுப் பாருங்க. இந்த வகுப்பு முழுக்க அதைத்தான் யோசிக்கப் போறோம்."

அவளுக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை வருஷமாக அவள் எழுத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூட அவளிடம் கேட்டதில்லை.

பருவத்தின் பெரிய பயிற்சியும் அந்த வழியில்தான் வந்தது. தெரிந்த குழந்தை ஒன்றை உட்காரவைத்து, எழுத்தை மூடிய புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும். படத்தைப் பார்த்து அது சொல்லும் கதையைப் பதிவு செய்து, ஒரு சொல் மாற்றாமல் தாளின் இடப்பக்கம் எழுத வேண்டும். வலப்பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும்: படத்தில் இருப்பது, முன்பு கேட்ட கதை, சொந்த அனுபவம், கற்பனை. கடைசியில் வகுப்பின் முன்னால் வாசிக்க வேண்டும்.

அவள் அணில் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மழைக்காலம் வரப்போகிறது என்று அணில்கள் கொட்டை சேர்க்கின்றன, ஒரு சோம்பேறி அணில் மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கிறது. மூடிவைத்த எழுத்து சொன்ன கதை அவ்வளவுதான். வாலு அத்தையின் மடியில் சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் எச்சில் தொட்டுப் புரட்டி, மூச்சு விடாமல் ஒரு கதை சொன்னாள். கேட்கக் கேட்க அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. சொல்வதில் பாதிக்கு மேல் படத்திலேயே இல்லை! வலப்பக்கம் முழுக்கக் கற்பனை, கற்பனை, கற்பனை என்று எழுதித் தள்ளினாள். இப்படி ஒரு குழந்தை வகுப்பில் வேறு யாருக்கு வாய்த்திருக்கும்?

வாசிக்கும் முறை வந்த சனிக்கிழமை, அவள் வாலுவின் குரலிலேயே வாசித்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய நாக்கு அது.

"இது அப்பா அணில். இது அம்மா அணில். இது குட்டி. மூலையில தூங்குறது அத்தை அணில்."

வகுப்பில் புன்னகை பரவியது.

"அப்பா அணில் மூட்டை கட்டுது. மெதுவாக் கட்டுங்க, அத்தை எழுந்துக்கும்னு அம்மா அணில் சொல்லுது. புது மரம் ரொம்பத் தூரம். அங்கே குட்டிக்குத் தனி ரூம் இருக்கு. நீலச் சுவரு. குட்டிக்குத் தனியாத் தூங்கப் பயம். ஆனா பெரிய புள்ளைங்க அழக் கூடாது. அத்தைகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. பரிட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"அணிலுக்கும் பரிட்சையா? பாவம், நம்ம கூட்டத்துல சேர்த்துக்கலாம்" என்றார் நூலகர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"ஒரு மாமா டேப் கொண்டுவந்து பீரோவை அளந்தாரு. கட்டிலை அளந்தாரு. லாரியில ஏறுமான்னு பார்த்தாரு. அத்தை அணில் கேட்டா, பூச்சி மருந்து அடிக்க வந்தாருன்னு சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள். முகம் பூரித்திருந்தது. "இதைத்தான் மேடம் முக்கியமாச் சொல்லணும். மரப்பொந்துல பீரோ வெச்சிருக்கா பாருங்க! படத்துல கட்டிலும் இல்ல, லாரியும் இல்ல. முழுக்க முழுக்கக் கற்பனை."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நூலகரின் வாயோரத்தில் பழைய சிரிப்பு இறங்க மறந்து நின்றது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி குனிந்து தன் பேனா மூடியைத் திருகத் தொடங்கினாள்.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்க யாராவது வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க மேடம். போன வாரம், நான் ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப. நல்ல மருந்து போல, வீட்டுக்குள்ள வாடையே..."



வாடையே இல்லை. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது வழக்கமான சோப்பு வாசனைதான் இருந்தது. அதற்காக அண்ணியைப் பாராட்டக்கூடச் செய்தாள்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வலப்பக்கத்தில் அவள் கையெழுத்து அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஒரு வரியில்கூட அவள் சொந்த அனுபவம் என்று எழுதவில்லை. குழந்தை காதுக்குள் வந்து சொல்லியிருக்கிறது. அவள் மதிப்பெண் தேடிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க" என்று யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அடுத்தவர் வாசித்தார். கரடி என்ற சொல் அடிக்கடி வந்தது. வேறெதுவும் அவள் காதில் ஏறவில்லை.

வகுப்பு கலைந்ததும் பேராசிரியை படிக்கட்டில் அவளைப் பிடித்து நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கங்க. வீட்டுல போய்ச் சண்டை போடணும்னா போடுங்க, அது உங்க உரிமை. ஆனா குழந்தை பேரு வெளியே வரக் கூடாது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவ வாயைக் கட்டியிருக்காங்க. அவளால வெச்சுக்கவும் முடியல, சொல்லவும் முடியல. அணில் மேல போட்டு உங்களை நம்பிச் சொல்லியிருக்கா. அந்த நம்பிக்கை போச்சுன்னா திரும்பி வராது."

அவள் தலையாட்டினாள்.

பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்தபோது தெரு அப்படியே இருந்தது. இஸ்திரிக் கடைக்காரர் தலையசைத்தார், மருந்துக் கடை வாசலில் அதே நாய் படுத்திருந்தது. வீடுதான் வேறாகத் தெரிந்தது. கூடத்து ஜன்னலில் திரைச்சீலை இல்லை. துவைக்கப் போட்டிருப்பதாக அண்ணி சொல்லி எத்தனை நாளாயிற்று? அலமாரியின் மேல்தட்டு காலியாக இருந்தது. மாடிப்படிக்கு அடியில் அட்டைப் பெட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன. எல்லாம் அவள் தினமும் தாண்டிப்போன இடங்கள். கண்ணை எங்கே வைத்திருந்தாள்?

வாலு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "என் கதையைச் சொன்னீங்களா அத்தை? கை தட்டினாங்களா?"

"தட்டினாங்கடா செல்லம்" என்றாள். குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எது போனாலும் இவள் பெயர் வெளியே வரக் கூடாது. வாயில் பூட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணனாகச் சொல்லும்வரை காத்திருந்தால், அவள் கெஞ்சலாம், கோபப்படலாம், விடுமுறைக்காவது பிள்ளையை அனுப்பு என்று கேட்கலாம். அதுவரை பொறுத்தால் போதும்.

சாப்பாட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பரிட்சை எப்போ முடியுது?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். அந்தச் சாதாரணம்தான் அவளைச் சுட்டது.

"ஏன்?"

"சும்மா கேட்டேன். முடிஞ்சதும் நாலு நாள் எங்கேயாவது போய் நல்லா ரெஸ்ட் எடு. உடம்பு பாதியாப் போச்சு."

"ஆமா, தூக்கம் வேற அதிகமாப் போச்சு" என்றாள் அண்ணி. "நேத்து மூலையில சுருண்டு படுத்திருந்தா, கூப்பிடக் கூப்பிட எழுந்துக்கவே இல்ல."

அவ்வளவுதான். எங்கோ ஒரு தாழ்ப்பாள் கழன்றது.

"எழுந்துட்டா மூட்டை கட்ட முடியாதே அண்ணி! பரிட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், அப்படித்தானே? பூச்சி மருந்து அடிச்சவன் பீரோ லாரியில ஏறும்னு சொன்னானா? என்னைத் தூங்கவெச்சுட்டு இவளைக் கொண்டுபோய் அந்த நீலச் சுவர் ரூம்ல தனியாப் போடப் போறீங்க. இவ தனியாத் தூங்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு ராத்திரி பக்கத்துல படுத்திருக்கீங்களா?"

அண்ணனின் முகத்தில் ரத்தம் வற்றியது. எழுந்திருக்கப் பார்த்தவன் பாதியிலேயே உட்கார்ந்தான். "மாற்றல் உத்தரவு வந்துடுச்சு. நான் கேட்டு வாங்கல. உன் படிப்பு கெட்டுடும்னுதான்... சொல்லாம இருந்தது தப்புதான், இல்லேங்கல. எப்படிச் சொல்றதுன்னு நாங்க தெனமும் செத்துட்டிருக்கோம்."

அண்ணி அவனைப் பேச விடவில்லை. அவள் கண் சுருங்கியிருந்தது. "நீலச் சுவருன்னு எப்படித் தெரியும்? அந்த வீட்டை நாங்க மூணு பேரும்தானே போய்ப் பார்த்தோம்."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது தெரிந்தது.

"பெட்டியெல்லாம் பார்த்தேன். நானா யூகிச்சேன்" என்றாள்.

"சுவர் கலரைக்கூடவா யூகிச்ச?" அண்ணி மகள் பக்கம் திரும்பினாள். "ஏய் வாலு, அம்மா என்ன சொல்லியிருந்தேன்? சத்தியம் பண்ணினியா இல்லையா? அத்தைகிட்ட உளறிட்டியா?"

"அவ ஒண்ணும் சொல்லல அண்ணி! அவளைத் திட்டாதீங்க. நான் படத்தைக் காட்டிக் கதை சொல்லுன்னு சொன்னேன், அவ கதைதான் சொன்னா. அதை நான் வகுப்புல வாசிச்சு..." சொல்லிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். ஒவ்வொரு சொல்லும் பிள்ளையை இன்னும் இழுத்து நடுக்கூடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தது.

வாலு அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தை எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் படித்திருக்கிறாள். இந்த முகத்தில் அவளால் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"வாலு, இங்க பாருடா. அத்தை தெரியாம..."

குழந்தை கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தாள். உயரமான நாற்காலி அது. இறங்கும்போதெல்லாம் "அத்தை, பிடி" என்று கை நீட்டுவது அவள் வழக்கம். இப்போது நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு தானே வழுக்கி இறங்கினாள். அத்தையின் அறைக்குள் போனாள். தலையணையைத் தரையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அத்தை நீட்டிய கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்து, அப்பா அம்மாவின் அறைக்குள் போய்விட்டாள்.