மூணாவது தடவை கேக்கல

எல்லாரும் எப்படி இருக்கீங்க கண்ணுங்களா? ஒடம்பு சவுக்கியம்தானே? மூட்டுவலிக்காரங்க எல்லாம் மெதுவா ஒக்காருங்க, கதை ஒண்ணும் ஓடிப்போயிடாது. இன்னைக்குச் சொல்லப் போறது ஒரு கர்ட்டன் தைக்கிற பட்டறையில நடந்தது.

அந்தப் பட்டறையில துணி வெட்டறது ஒரு அக்கா. மேசை மேல துணிய விரிச்சு, சாக்கட்டியால ஒரு கோடு போட்டு கத்திரிய எடுத்தாள்னா, துணி தானா வழிவிட்டு ஒதுங்கும். அதனால கத்திரியக்கான்னே பேர் ஆயிடுச்சு. பெத்தவங்க வெச்ச பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா.

பழைய கட்டிங் மாஸ்டருக்குக் கண்ணு மங்கிப்போய் வேலைய விட்டு நின்னுட்டார். அவர் ஒக்கார்ற ஸ்டூல் ஜன்னலோரமா காலியாக் கெடந்துச்சு. கத்திரியக்காவுக்கு அந்த ஸ்டூல் மேல கொள்ளை ஆசை. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பாத்து ரெண்டு தடவை ஒக்காந்தும் பாத்துட்டா. அங்க ஒக்காந்துக்கிட்டு, "பூ தலைகீழா நிக்குது பாரு, துணியத் திருப்பிப் போடு"ன்னு நாலு பேருக்குச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம் அவளுக்கு.

இப்பப் பட்டறையப் பாத்துக்கறது முதலாளியோட பொண்ணு. எங்கயோ போய்ப் படிச்சிட்டு வந்துச்சு. அங்க மரியாதையக்கூட ஒரு பாடமா வெச்சு நடத்தினாங்க போல. கதவு தெறந்து கெடந்தாலும் தட்டும். "இப்பப் பேசலாமா"ன்னு கேட்டுட்டுத்தான் பேசும். ஒருத்தர் வேணாம்னு சொல்லிட்டா அதோட விட்டுடும். மறுபடி கேக்கறது அவங்களத் தொந்தரவு பண்றதாம். தங்கமான பொண்ணு, குத்தம் சொல்ல முடியாது.

கத்திரியக்காவுக்கும் அவ அம்மா மரியாதை சொல்லிக் குடுத்துத்தான் வளத்தா. அந்தப் பாடம் வேற மாதிரி. யாரு என்ன குடுத்தாலும் மொதல்ல வேணாம்னு சொல்லணும். திரும்பக் கேட்டா, பரவாயில்லைங்கன்னு சொல்லணும். மூணாவது தடவை கேட்டா, "இவ்ளோ சொல்றீங்களே"ன்னு இழுத்துக்கிட்டே வாங்கிக்கணும். மொதல்லயே கைய நீட்டினா, "காணாததக் கண்ட குடும்பம்"னு பேசுவாங்களாம். சின்ன வயசுல பக்கத்து வீட்டுல பிஸ்கட் தட்ட நீட்டுவாங்க. அக்கா தங்கச்சி எல்லாம் வரிசையா ஒக்காந்து தலைய மட்டும் வேணாம் வேணாம்னு ஆட்டும். கண்ணு தட்ட விட்டு நகராது.

ஒரு நாள் அந்தப் பொண்ணு வந்து மேசைய லேசாத் தட்டுச்சு.

"அக்கா, இப்பப் பேசலாமா?"

"பேசுங்கம்மா."

"கட்டிங் மாஸ்டர் வேலைய நீங்க பாத்துக்கறீங்களா?"

கத்திரியக்காவுக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. ஆனா வாய் இருக்கே, அது அம்மா வளத்த வாய்.

"ஐயோ, எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? வேற யாரையாவது பாருங்க."

சொல்லிட்டு, ரெண்டாவது தடவைக்காகத் தலையக் குனிஞ்சு காத்துக்கிட்டிருந்தா.

"சரிக்கா. உங்க முடிவ மதிக்கிறேன். வெளிப்படையாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி"ன்னுச்சு அந்தப் பொண்ணு. சிரிச்ச முகமா நேரா அடுத்த மேசைக்குப் போயிடுச்சு.

அடுத்த மேசையில யாரு? டேப்பு. கழுத்துல அளவு டேப்பு இல்லாம அந்த மனுஷன யாரும் பாத்ததில்ல. முடிவெட்டப் போனாக்கூட அது கழுத்துலதான் தொங்கும். "கட்டிங் மாஸ்டர்..."னு அந்தப் பொண்ணு வாயத் தெறந்ததும், "சரிங்க"ன்னுட்டான். மீதி கேள்வி அதோட வாயிலயே நின்னுபோச்சு.

"யோசிச்சுட்டு சனிக்கிழமை சொல்றேன்"னு அது போயிடுச்சு. டேப்பு அப்பவே ஸ்டூலத் தொடைக்க ஆரம்பிச்சுட்டான்.

கத்திரியக்கா வீட்டுக்கு வந்து கதவ சாத்தின சத்தத்துலயே புருஷனுக்கு வெவகாரம் புரிஞ்சுபோச்சு. அவர் பஸ் ஓட்டறவர். முழுக் கதையையும் கேட்டுட்டுச் சொன்னார்:

"ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, பஸ் வந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் நிறுத்துவேனா?"

"அது மரியாதைங்க."

"மரியாதை வண்டியில ஏறி ஒக்காந்திருக்கு. நீ ரோட்டுல நிக்கற."

"கல்யாணம் பேச வந்தப்பக்கூட நான் இப்படித்தான் சொன்னேன். உங்கம்மா மூணு தடவை கேக்கலையா?"

"அவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. ரெண்டோட நிறுத்தியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அன்னைக்கு அவருக்குச் சாப்பாடு ஒரே தடவைதான் பரிமாறினா. வேணுமான்னு அவ திரும்பக் கேக்கல.

வியாழக்கிழமை ஒரு வீட்டுல பதினோரு ஜன்னலுக்குக் கர்ட்டன் மாட்டணும். அந்தப் பொண்ணும் கத்திரியக்காவும் வேன்ல போனாங்க. போற வழியிலயே கேட்டுடணும்னு அக்கா வாயத் தெறந்தா. நாமளா போய்க் கேக்கறதான்னு மூடிக்கிட்டா. இப்படியே மீன் மாதிரி வாயத் தெறந்து தெறந்து மூடி, வீடும் வந்துடுச்சு.

ஏணி ஏறி எறங்கி, கம்பி மாட்டி, மடிப்பு சரி பண்ணி, மதியம் தாண்டிப் போச்சு. அந்தப் பொண்ணு காலையிலயும் சாப்பிடாம வந்திருந்துச்சு, மொகம் வாடிப்போய் நின்னுச்சு. வீட்டுக்காரத் தம்பி காப்பியும் ஒரு தட்டு நெறய பிஸ்கட்டும் கொண்டாந்து வெச்சான்.

"எடுத்துக்கறீங்களா?"

"ஐயோ, பரவாயில்லைங்க. உங்களுக்கெதுக்கு சிரமம்"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"ஓ, சரிங்க"ன்னு அவன் தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான். போறப்ப ஒரு பிஸ்கட்ட வாயில வேற போட்டுக்கிட்டான். கத்திரியக்கா இன்னும் தன்னோட மொத "வேணாம்"கூடச் சொல்லல. அதுக்குள்ள காப்பி சமையல்கட்டுக்குள்ள போய் மறைஞ்சிடுச்சு.

திரும்பி வர்றப்ப வேன்ல அந்தப் பொண்ணோட வயிறு இஞ்சின் சத்தத்தையும் தாண்டி உறுமுச்சு.

"ஏம்மா, பசியோடதானே இருந்தீங்க? எதுக்கு வேணாம்னீங்க?"

"அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுக்கா. எப்படியும் இன்னொரு தடவை கேப்பாருன்னு..."

அங்க நிறுத்திடுச்சு. வேன் ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. அந்தப் பொண்ணு மெதுவா அக்கா பக்கம் திரும்புச்சு. கத்திரியக்கா ஜன்னலுக்கு வெளிய எதையோ தேடற மாதிரி பாத்துக்கிட்டிருந்தா.

"அக்கா. அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டப்ப..."

"ம்."

"இன்னொரு தடவை கேப்பேன்னு நெனச்சீங்களா?"

"இன்னும் ரெண்டு தடவை கேப்பீங்கன்னு நெனச்சேம்மா."

"சொல்லியிருக்கலாமேக்கா?"

"அதச் சொல்லிட்டா அப்பறம் மரியாதை எங்க இருக்கு?"

அந்தப் பொண்ணு தலையில கைய வெச்சுக்கிச்சு. அப்பறம் நிமிந்து ஒக்காந்து கேட்டுச்சு: "கட்டிங் மாஸ்டரா இருக்கீங்களாக்கா?"

"எனக்கெதுக்கும்மா"ன்னு வாய் முந்திக்கிச்சு. கத்திரியக்கா பயந்து போய் வாயக் கையால பொத்திக்கிட்டா.

"பரவாயில்ல, இது மொதத் தடவைதான்"னுச்சு அது. "இருக்கீங்களா?"

"டேப்பு ஆசையா இருக்கானேம்மா."

"அவருக்கு வீடு வீடாப் போய் அளவெடுக்கற வேலை. கழுத்துலயே டேப்பு இருக்கு, வசதி. அக்கா, இருக்கீங்களா?"

"இவ்ளோ சொல்றீங்களே"ன்னு கத்திரியக்கா இழுத்தா பாருங்க, வேன் டிரைவரே சிரிச்சுட்டான்.

சனிக்கிழமை கத்திரியக்கா ஸ்டூல்ல ஒக்காந்தா. "டேப்பு அண்ணே, வெளி வேலை..."ன்னு அந்தப் பொண்ணு தொடங்கறப்பவே டேப்பு "சரிங்க"ன்னுட்டான். என்ன வேலைன்னு அப்பறமாத்தான் விசாரிச்சான். கேட்டதும், தொடைச்ச ஸ்டூலத் திரும்பிப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டான். ஆனா வேன்ல முன் சீட்டு உண்டுன்னதும் மூஞ்சி தெளிஞ்சுடுச்சு.

அன்னைக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு திரும்ப வந்து மேசையத் தட்டுச்சு.

"அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு அவசர வேலை. வரீங்களா?"

"இல்லம்மா, முடியாது." இது நெசமான முடியாது. வீட்டுல துவைக்கற துணி மலையாக் குமிஞ்சு கெடக்கு.

"வரீங்களாக்கா?"

"பரவாயில்லம்மா, வேற யாரையாவது பாருங்க."

"அக்கா, வரீங்களா?"

மூணாவது தடவை. வாய் பழக்கத்தோட தானாத் தெறந்துச்சு.

"இவ்ளோ சொல்றீங்களே, வரேம்மா."

ஞாயித்துக்கிழமை காலையில புருஷன் துணி மூட்டையோட வாசல்ல நின்னு, அவ பட்டறைக்குப் போறதப் பாத்துக்கிட்டிருந்தார். "இன்னைக்கு பஸ் நின்னு ஏத்திக்கிச்சு போல"ன்னார். அவ திரும்பிக்கூடப் பாக்கல. ஸ்டூல் காத்துக்கிட்டிருக்கே.

அவ்ளோதான் கதை. நீங்க எப்படி கண்ணுங்களா? மொதத் தடவையே கை நீட்டற ஜாதியா, மூணுக்குக் காத்திருக்கற ஜாதியா? வேணாம்னு சொல்லிட்டு எதெதக் கோட்டை விட்டீங்கன்னு கீழ எழுதுங்க. நான் ஒரு தடவைதான் கேப்பேன், சொல்லிட்டேன்.