எர்கினோஸின் கறுப்புக் கோப்பை

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் கண்ட மூன்றாவது பெரும் புரட்சி, ஏதென்ஸ் நகரத்துக் குயவர் தெருவில், தெலெஸின் பட்டறையில் நிகழ்ந்தது. அது நிகழ்ந்தபோது அங்கிருந்த எல்லோரும், மிர்ட்டோ படத்துக்குள் பூச மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள்.

மிர்ட்டோ தெலெஸின் மனைவி. பத்து வருடமாக ஜாடிக் கைப்பிடிகளுக்குக் கறுப்பு பூசிவந்தவள். படம் எழுதுவது எர்கினோஸின் வேலை. வாசலோரம், நல்ல வெளிச்சத்தில், முப்பது வருடமாக அவனுடைய முக்காலி கிடந்தது. சிவந்த மண்மேல் வீரனைக் கறுப்பு நிழலாக நிரப்புவான். பிறகு ஊசிமுனையால் கீறித் தாடியையும் கவசத்தையும் கொண்டுவருவான். பெண் என்றால் முகத்துக்கு வெள்ளை. அவன் கீறிய சிங்கத்தின் பிடரியில் மயிரை எண்ணலாம். எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. எண்ணும்படி கேட்டுக்கொண்டவன் எர்கினோஸ்தான்.

மிர்ட்டோ செய்தது தலைகீழ். உருவத்தை மெல்லிய கோடுகளால் மட்டும் எழுதிவிட்டு, சுற்றிலும் கறுப்பை நிரப்பினாள். சூளையிலிருந்து வந்தபோது ஆள் மண்ணின் சிவப்பிலேயே நின்றான்.

"இதென்ன அம்மணி, பூசாம விட்ட எடத்தைப் படம்ங்கிறே?" என்றான் எர்கினோஸ். "அப்படிப் பாத்தா நம்ம தெருச் சுவரு பூரா ஓவியந்தான்."

"ஊசியால கீறினா கீறல்தாண்ணே வரும். தூரிகையால இழுத்தா சதை வருது. கிட்ட வந்து பாருங்க."

"எனக்கு இங்கிருந்தே தெரியுது."

தெரியவில்லை. மத்தியானம் எல்லோரும் வாற்கோதுமை ரொட்டி தின்னப் போனபின், கிட்டே போய்ப் பார்த்தான். ஹெரக்ளீஸ் சிங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பாரம் தாங்கிப் புடைத்த தொடையில் தேன் நிறத்தில் ஒரு கோடு. அதன் கீழே இடது பாதம், பார்க்கிறவனை நோக்கி நேராக. ஐந்து விரல்களும் அவரைக்கொட்டைகள் போல வரிசையாக. எர்கினோஸ் எழுதிய பாதங்கள் அத்தனையும் பக்கவாட்டில் நடந்தவை. முப்பது வருடத்தில் ஒரு வீரன்கூட அவனை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்ததில்லை.

தன் காலை முக்காலிமேல் தூக்கி வைத்துப் பார்த்தான். அது அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் தெலெஸ் சொன்னான்: "நம்ம ஜாடி வாங்குற எத்ருஸ்கா நாட்டு வியாபாரி வெல்தூர், சூளை பிரிக்கிற அன்னிக்கு வர்றான். எந்த மாதிரி அவனுக்குப் பிடிக்குதோ, இந்த வருசம் ஜாடி பூரா அந்த மாதிரிதான். அதை எழுதுறவங்களுக்குத்தான் வாசலோர எடம்."

எர்கினோஸ் தன் முக்காலியை வாசலுக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டான். "அந்தப் புது மாதிரியையும் நானே எழுதிக் காட்டினா?"

"எழுதுவீங்களா அண்ணே?" என்றாள் மிர்ட்டோ.

"இடது கையால எழுதுவேன்."

வலது கையால்தான் எழுதினான். ஒரு கோப்பையில், ஹெரக்ளீஸுக்கு இரண்டு பாதங்களையும் முன்னோக்கி வைத்தான். ஒன்றோடு நிறுத்த மனம் வரவில்லை. கோடு பிசிறின்றி, மண்ணைவிட்டு மயிரிழை எழும்பி நின்றது. மிர்ட்டோகூடத் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். அதுதான் கெடுதலாகப் போயிற்று. பார்க்க ஆள் வந்து நின்றதும் எர்கினோஸுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"சுத்தி நிரப்பியாச்சா? அவ்வளவுதான். இதுக்கா இத்தனை அலட்டல்?" என்று தொடங்கி, கை ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓட, கலையின் மேன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினான்.

சூளைக்குப் போகும் முன் கறுப்பு கறுப்பாக இராது. பூசுகிற குழம்பும் மண், கோப்பையும் மண். காய்ந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். எங்கே பூசினோம் என்று கைதான் ஞாபகம் வைக்க வேண்டும். எர்கினோஸின் கைக்கு முப்பது வருட ஞாபகம் இருந்தது.

கடைசியில் கருஞ்சிவப்பால் எழுதினான்: "எர்கினோஸ் எழுதினான். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

சூளையில் முதலில் காற்றுவிட்டு எரித்தார்கள். பிறகு பச்சை விறகு போட்டு வாயை அடைத்துப் புகையில் மூச்சுமுட்ட வைத்தார்கள். மறுபடி திறந்தபோது மண் சிவப்புக்குத் திரும்பியது. பூசிய இடம் மட்டும் கறுப்பாகவே நின்றுவிட்டது.

மிர்ட்டோவின் ஜாடியை வெல்தூர் மூன்று முறை சுற்றிவந்தான். நன்றாகப் பேசுகிற ஆள், ஒன்றும் பேசவில்லை. எர்கினோஸ் முந்தின மாதம் எழுதிய ஜாடியைப் பார்த்து, "இதுவும் நல்ல வேலை" என்றான். நன்றாகப் பேசினான்.

"இப்ப இதைப் பாருங்க," என்று எர்கினோஸ் தன் கோப்பையைப் பார்க்காமலே எடுத்து நீட்டினான்.

உருவத்துக்கு உள்ளும் கறுப்பு, வெளியும் கறுப்பு; பேச்சு மும்முரத்தில் கை பழைய வழக்கப்படி உருவத்தையும் நிரப்பிவிட்டிருந்தது. ஹெரக்ளீஸும் இல்லை, சிங்கமும் இல்லை. கற்றுக்கொள்ளச் சொன்ன எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது.

மிர்ட்டோ அதை வாங்கிப் பெருவிரலால் தடவினாள். "பாதம் இருக்குண்ணே. தடவினா தெரியுது. ரெண்டும் இருக்கு. பத்து வெரலும்." அவள் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

வெல்தூர் கோப்பையை வெயிலில் திருப்பிப் பார்த்தான். "வெங்கலம் மாதிரி மினுங்குதே. எங்க ஊர்ல கறுப்புன்னா உசிரு. ஜாடியெல்லாம் இந்தம்மா எழுதினாப்பல இருக்கட்டும். இதுல ஒரு அறுபது போடுங்க." அவன் மறுபடி பார்த்தான். "எழுத்து வேண்டாம்."

மறுநாள் வாசலோர முக்காலியில் மிர்ட்டோ உட்கார்ந்தாள். எர்கினோஸ் உள்ளே அறுபது கோப்பைகளுக்குக் கறுப்பு பூசினான். மிர்ட்டோவின் ஜாடிக் கைப்பிடிகளுக்குப் பூசியதும் அவன்தான்.